நரி முகம்

வாடகை ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு.
கீறல் விழுந்தால் தனிக் கணக்கு.
சாவியை நீட்டும்போது மன்னார்குடிப் பையன்
இவரைப் பார்த்தே நீட்டினான்.
லைசென்ஸ் என் பேரில்.

முந்தின ராத்திரிதான் கொழுந்தன் அறவாழி
நைரோபியிலிருந்து பதினேழு வீடியோ அனுப்பியிருந்தான்.
தானே ஓட்டிக்கொண்டு போனானாம், துணைக்கு ஆளில்லாமல்.
ஒன்றில் சிங்கம் அவன் வண்டி நிழலில் படுத்துக்
கொட்டாவி விட்டது.
கடைசி வீடியோவை மகிழ்விழி பார்க்கக் கூடாதென்று
போனைப் பிடுங்கி வைத்தேன்.
அவள் தூங்கியபின்
நான் மூன்று முறை பார்த்தேன்.

வேதாரண்யத்தில் கீற்றுப் போர்த்திய உப்புக் குவியல்கள்.
கோடியக்கரை வாசலில் வனக்காவலர் சவரிராயன்
வண்டி நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டார்.
ஹாரன் அடிக்கக் கூடாது. கீழே இறங்கக் கூடாது.
எதற்கும் தீனி போடக் கூடாது.
"சிங்கம் இருக்கா அங்கிள்?"
அவர் தலை நிமிராமல் சொன்னார்:
"இருந்துச்சு பாப்பா. லீவுல போயிருக்கு."

முதலில் குதிரைகள்.
வயிற்றில் சேறு காய்ந்து, சடை விழுந்து,
எவருக்கும் சொந்தமில்லாத மட்டக் குதிரைகள்
நடுப்பாதையில் நின்று
வழி விடுவதா என்று யோசித்தன.
"பிடரி இருக்குல்ல, சிங்கம்னே வச்சுக்க"
என்றார் இவர்.

அப்புறம் வெட்டவெளி.
வானம் தரையில் வந்து முட்டுகிற இடத்தில்
பூநாரைகள், கழுவிக் காயப்போட்ட துணிபோல.
இந்தப் பக்கம் மான்கள்.
முறுக்குக் கொம்போடு கறுத்த கிடா ஒன்று,
தவிட்டு நிறத்தில் பெட்டைகள்,
புல்லோடு புல்லாக ஒரு குட்டி.
பிறந்து நாலு நாள் இருக்கலாம்.

எஞ்சினை அணைத்தேன்.
கண்ணாடியை நாலு விரல் இறக்கினேன்.
சோற்றுப் பொட்டலத்தை மடியில் பிரித்தோம்.
வண்டி முழுக்க இறால் தொக்கு.

"நாய்" என்றாள் மகிழ்விழி.
நாய் இப்படி நடக்காது.
ஒவ்வொரு காலையும் வைக்குமுன்
தரையிடம் கேட்டுக் கேட்டு நடந்தது அது.
நின்றது. உட்கார்ந்தது.
வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்த்தது.
தாய்மான் ஒரு அடி முன்னால் வந்து நின்றது.

எவ்வளவு நேரம்! பிசைந்த சோறு
கையிலேயே காய்ந்தது.
இவர் கேமரா நடுங்காமலிருக்க
என் தோளில் முட்டுக் கொடுத்திருந்தார்.
ஈ ஒன்று ஸ்டியரிங்கைச் சுற்றி வந்தது.

"போ"
என்றது ஒரு குரல்.
என் குரல்தான்.

மேலே இருந்த சின்னக் கண்ணாடியில்
மகிழ்விழி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நரி எழுந்தது.
குட்டியின் பக்கம் அல்ல, தண்ணீர் ஓரத்துக்கு.
குழி பறித்தது. நண்டு.
அப்பளம் நொறுங்கும் ஓசை இங்கே வரை கேட்டது.
பிறகு எங்கள் வண்டியை ஒட்டியே நடந்து போனது,
ஒரே ஒரு முறை மூக்கைத் தூக்கி.
இறால் வாசத்துக்கு.

"நரி முகத்துல முழிச்சாச்சு, இனி யோகம்தான்"
என்று இவர் படத்தை அறவாழிக்கு அனுப்பினார்.
உடனே பதில் வந்தது:
"யாரு வீட்டு நாய்ண்ணே?"

திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட்டில்
வண்டி நின்றபோது பின்னாலிருந்து கேட்டாள்:
"அம்மா, நீ யாருகிட்ட போன்னு சொன்னே?"
"குதிரைகிட்ட."
"குதிரை அப்பவே போயிடுச்சே."

நரியெல்லாம் ஒரு நாள் குதிரையான கதையைச் சொன்னேன்.
ராத்திரியில் அவை பழையபடி நரியாகி
லாயத்தைக் கடித்துக் குதறிய இடம் வந்ததும்
ரயில் வந்துவிட்டது.
அதோடு விட்டுவிட்டேன்.

டார்ச் அடித்து வண்டியைச் சுற்றி வந்தான் பையன்.
கீறல் இல்லை.
சக்கரத்தில் அப்பியிருந்த உப்புச் சேற்றை
நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான்.
"எங்க போனீங்க?"
"சிங்கம் பாக்க" என்றாள் மகிழ்விழி, அரைத் தூக்கத்தில்.
"பாத்தியா?"
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச்சை என் பக்கம் திருப்பினான்.

"கழுவுறதுக்கு நூத்தம்பது, அக்கா."